இதழ் உடைந்த சாமந்தி

தொமிகோ மீன் வாங்கும்போது தராசு முள்ளைப் பார்க்க மாட்டாள். மீன்காரரின் முகத்தைப் பார்ப்பாள். முள்ளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, முகத்துக்குத்தான் தெரியும் என்பது அவள் கட்சி.

கல்யாணமான நாள்முதல் கணவர் செய்ஜியின் முகத்தையும் அப்படித்தான் பார்த்துவந்தாள்.

செய்ஜி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போவார். மாலையில் வெறுங்கையோடு திரும்புவார்.

"மீன் எங்கே?"

"விட்டுவிட்டேன்."

"எல்லாவற்றையுமா?"

"எல்லாம் குஞ்சு."

அவர் குளிக்கப் போனதும் தொமிகோ அவருடைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். மீன் வாசனை இருக்காது. செண்ட் வாசனையும் இருக்காது. இரண்டுமே இல்லாததுதான் அவளுக்குப் பெரிய சந்தேகம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். தொமிகோவின் கண்ணுக்குக் காணாததும் மஞ்சள்தான்.

கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுக்கவில்லை. சொல்லிச் சொல்லி அவருக்கு அலுத்துவிட்டது. கடைசிக் காலத்தில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

அந்த வசந்தத்தில் செய்ஜி இறந்துபோனார். அவருடைய அஸ்தியைக் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் வைத்து, மேலே கல் நட்டார்கள்.

ஜப்பானில், ஷிகோகு தீவில், மலையடிவாரத்துச் சிற்றூர் அது. கணவனின் பெயரைக் கல்லில் வெட்டும்போதே பக்கத்தில் மனைவியின் பெயரையும் வெட்டிவிடுவது அந்த ஊர் வழக்கம். உயிரோடு இருக்கிறவள் என்பதால் அவள் பெயருக்கு மட்டும் சிவப்பு பூசுவார்கள். அவளும் போய்ச் சேர்ந்த பிறகு சிவப்பைக் கழுவிவிடுவார்கள். அப்புறம் இரண்டு பேரும் ஒரே நிறம்.

கல்தச்சர் உளியோடு வந்து கேட்டார். "உங்கள் பெயரையும் வெட்டிவிடட்டுமா?"

"பொறுங்கள்."

"எல்லோரும் சேர்த்தே வெட்டிவிடுவார்களே."

"எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருக்கிறது."

கல்தச்சர் உளியைப் பையில் போட்டார். "இலையுதிர் காலப் பூசைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு நான் மகன் ஊருக்குப் போய்விடுவேன். திரும்பி வருவேனா என்று தெரியாது" என்றார்.

செய்ஜிக்கு வேறு ஒருத்தி இருந்தாளா? தொமிகோவுக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். இருந்தாள் என்றால் அந்தக் கல்லில் தன் பெயர் வேண்டாம். இன்னொருத்தியின் மனிதரோடு ஒரே கல்லின் கீழே காலமெல்லாம் கிடக்க அவளால் முடியாது. தனியாக வேறு கல் பார்த்துக்கொள்வாள். ஆனால் அந்த மனிதரை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காத மனிதரின் சட்டையை யார் அத்தனை வருடம் முகர்வார்கள்?

செத்தவரைக் கேட்க முடியாது. வருகிறவர்களைப் பார்க்கலாம். தினமும் காலையில் போய், சற்றுத் தள்ளி ஒரு பெரிய குடும்பக் கல்லின் மறைவில் உட்கார்ந்துகொள்வாள். பூ, ஊதுபத்தி, தண்ணீர் எதுவும் எடுத்துப்போக மாட்டாள். வீட்டுக்காரி வந்துபோன அடையாளம் தெரிந்தால் வருகிறவள் உஷாராகிவிடுவாள் அல்லவா.

யாரும் வரவில்லை. கோடை ஆரம்பித்தது. அப்போதும் யாரும் வரவில்லை.

ஒரு நாள் காலையில் கல்லின் காலடியில் ஒரு பூ இருந்தது.

சர்க்கரைப் பூ. ஐந்து ரூபாய் நாணயம் அளவில் வெள்ளைச் சாமந்தி. மடித்த சிறு காகிதத்தின் மேல் வைத்திருந்தது. சர்க்கரையை அச்சில் அழுத்திக் காயவைத்துச் செய்கிற மிட்டாய் அது. இறந்தவர்களுக்கும் வைப்பார்கள், தேநீரோடும் சாப்பிடுவார்கள். நம் ஊரில் காக்கை வந்து எடுத்தால்தான் திருப்தி. அங்கே காக்கை எடுப்பதற்குள் தொமிகோ எடுத்துவிட்டாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாமந்தியின் ஓர் இதழ் பாதியில் நின்றிருந்தது. உடைந்து விழுந்ததுபோல் இல்லை. அச்சிலேயே அப்படி.

அடுத்த வாரம் மழை. கல்லின் மேல் வெள்ளையாக ஒரு கறை மட்டும் இருந்தது. அதற்கடுத்த வாரம் மறுபடியும் பூ. அதே சாமந்தி, அதே பாதி இதழ்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனிதர் செத்த பிறகு மாட்டிக்கொண்டார் என்று தொமிகோ நினைத்தாள். அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இத்தனை காலம் தான் ஒன்றும் பைத்தியம் இல்லை என்ற நிம்மதி.

பூவைக் கைக்குட்டையில் சுற்றிக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோனாள். மிட்டாய்க்கடைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எங்கள் சரக்கு இல்லை. இது கையால் அழுத்தியது."

"எப்படிச் சொல்கிறீர்கள்?"

"முதுகில் கட்டைவிரல் பதிந்திருக்கிறது பாருங்கள்."

"யாருடைய விரல்?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "நான் மிட்டாய்க்காரன் அம்மா, போலீஸ் இல்லை. கோயில் மடப்பள்ளிக்குப் பின்னால் சயோ என்று ஒருவர் இதைக் கற்றுக்கொடுக்கிறார். புதன்கிழமை வகுப்பு. அங்கே கேட்டுப் பாருங்கள்."

தொமிகோ கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் கிடைக்கும். பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லி வகுப்பில் சேர்ந்துகொண்டாள்.

குருவுக்கு வயதாகியிருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சயோவுக்குத் தொமிகோவின் மகள் வயது இருக்கலாம். கட்டையான விரல்கள், மாவு படிந்த ஏப்ரன். எல்லோரும் அவரை 'சென்செய்' என்று அழைத்தார்கள். அந்த ஊரில் வாத்தியாரையும் டாக்டரையும் அப்படித்தான் அழைப்பார்கள். மற்றவர்களுக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பது மரியாதை.

"எதற்காகக் கற்றுக்கொள்ள வந்தீர்கள், தொமிகோ-சான்?"

"சும்மாதான், சென்செய்."

"சும்மா என்றால் நல்லது. கையைக் கழுவிவிட்டு வாருங்கள்."

வகுப்பில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி ரெய்கோ, பூக்கடையில் வேலை செய்கிறவள். எப்போதும் எதையோ நினைத்து உதட்டோரம் சிரித்துக்கொண்டிருப்பாள். இன்னொருவர் ஒகாதா, டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். டாக்சியில் பேசிப் பழகிய வாய் ஓய்வு பெறவில்லை.

சயோ ஒரு பாத்திரத்தில் சர்க்கரையைக் கொட்டினார். வாசன்போன் என்று அந்தத் தீவிலேயே செய்கிற சர்க்கரை. லேசாகப் பழுப்பு கலந்த வெள்ளை, விபூதி மாதிரி நைசாக இருக்கும். அதில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்து உள்ளங்கைகளுக்கு நடுவே தேய்த்தார்.

"பிடித்தால் நிற்க வேண்டும். தொட்டால் உதிர வேண்டும். அவ்வளவுதான்" என்றார்.

நம் ஊர்ப் புட்டு மாவின் பதம்தான். தொமிகோ தன் பாத்திரத்தில் தேய்த்தாள். கைப்பிடியில் பிடித்துப் பார்த்தாள். நின்றது. இன்னொரு தடவை பிடித்தாள். அப்போதும் நின்றது. அப்புறமும் தண்ணீரை எடுத்துத் தெளித்தாள்.

"போதுமே" என்றார் சயோ.

"உதிர்ந்துவிடும்போல் இருக்கிறது."

"நின்றதைப் பார்த்தீர்களே."

"ஒருவேளை சும்மா நின்றிருக்கலாம்."

கொஞ்ச நேரத்தில் சர்க்கரை பிசினாகி அச்சில் அப்பிக்கொண்டது. மற்ற இருவரும் தட்டு நிறையப் பூவும் இலையும் அடுக்கிக்கொண்டிருக்க, தொமிகோ மூங்கில் குச்சியால் அச்சைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை. சுரண்டுகிற சாக்கில் மேசையில் இருந்த அச்சுகளை எல்லாம் பார்த்துவிட்டாள். விசிறி, அலை, மேப்பிள் இலை, கொக்கு. சாமந்தியும் இருந்தது. எல்லாச் சாமந்திக்கும் இதழ் முழுசாக இருந்தது.

"உடைந்த அச்சு ஏதாவது இருக்கிறதா, சென்செய்?"

"எதற்கு?"

"சும்மா."

சயோ அவளைப் பார்த்தார். "இது முதலில் சொன்ன சும்மா இல்லையே" என்றார். பிறகு ஒகாதாவின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஆக, அச்சை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று தொமிகோ முடிவு செய்தாள்.

வகுப்பு முடிந்ததும் நேரே கல்லறைத் தோட்டத்துக்கு ஓடி வழக்கமான மறைவில் உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. மழையில் யாரும் வரவில்லை. வந்தது தும்மல்தான்.

அடுத்த புதன்கிழமை சயோ அச்சில் அழுத்தக் கற்றுக்கொடுத்தார். அச்சு இரண்டு பலகைகளாக இருக்கும். கீழ்ப் பலகையில் பூ குழிவாகச் செதுக்கியிருக்கும். மேல் பலகையில் ஓட்டை மட்டும். ஓட்டை வழியாகச் சர்க்கரையைப் போட்டுக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிறகு ஓரத்தை மரக்குச்சியால் தட்டி, மேல் பலகையை எடுத்து, கீழ்ப் பலகையைக் கவிழ்த்தால் பூ விழும்.

தொமிகோ அழுத்தினாள். அழுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"பூ சரியாகப் பதிந்திருக்கிறதா என்று தெரியவில்லையே."

"தெரியாது."

"அப்புறம் எப்படி?"

"முகம் கீழே இருக்கிறது. நமக்குக் கிடைத்தது முதுகுதான்."

"நடுவில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளக் கூடாதா?"

"பாருங்கள்" என்றார் சயோ.

தொமிகோ மேல் பலகையின் ஓரத்தை ஒரு நூல் அளவு தூக்கி, கீழ்ப் பலகையைச் சாய்த்தாள். பூவின் பாதி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த கணம் பொலபொலவென்று மேசையில் கொட்டியது.

"என்ன பார்த்தீர்கள்?"

"பூவைப் பார்த்தேன், சென்செய்."

"எங்கே?"

தொமிகோ கொட்டிய சர்க்கரையைக் கையால் ஒதுக்கினாள். ரெய்கோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று யாருக்கும் தெரியும். தொமிகோவுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது.

பார்க்கப் பார்க்க எல்லாம் பொருந்தி வந்தது. பூக்கடைக்காரிக்குச் சாமந்தி தெரியும். வயதும் அழகும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்று செய்த பூக்களில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"யாருக்கு?" என்று தொமிகோ கேட்டாள்.

"ஒருவருக்கு."

"அவருக்கு இது பிடிக்குமோ?"

ரெய்கோவின் காது மடல் சிவந்தது. "என்னைப் பிடிக்கும்" என்றாள்.

ரெய்கோ வெளியேறியதும் பின்னாலேயே போனாள். தெருமுனையில் நின்ற குளிர்பான எந்திரத்தின் பின்னால் ஒளிந்தாள். மருந்துக்கடைக் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்வதுபோல் நடித்தாள். அந்த வயதில் அவளுக்கு இதெல்லாம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ரெய்கோ கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி, பேருந்து நிலையத்துக்குள் போனாள். அங்கே ஓர் இளம் ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தான். ரெய்கோ முடிச்சை அவிழ்த்தாள். அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். தித்திப்புத் தாங்காமல் முகம் கோணியது. அவள் பார்ப்பதைப் பார்த்து இன்னொன்றையும் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

தொமிகோ வீட்டுக்குத் திரும்பும் வழியில் கல்தச்சரைப் பார்த்தாள்.

"தெரிந்துவிட்டதா?" என்று அவர் கேட்டார்.

"பாதி தெரிந்திருக்கிறது."

"அடுத்த வாரம் பூசை."

"தெரியும்."

"பெயர் வெட்ட ஒரு பொழுது போதும். முடிவுக்குத்தான் நேரம் பிடிக்கும்போல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் போனால், கல்லின் காலடியில் பூ. ரெய்கோ பேருந்து நிலையத்தில் இருந்தபோது வேறு யாரோ வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தொமிகோ அந்தப் பூவை எடுத்துக் கடித்தாள். ஏன் கடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நாக்கில் பட்டதும் கரைந்துபோயிற்று. நன்றாக இருந்தது. அதில் அவளுக்குக் கோபம் இன்னும் அதிகமானது.

மூன்றாவது வகுப்பில் பூக்களைத் தட்டில் வைத்துக் காயவைத்துவிட்டு எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒகாதாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆற்றுப் பாலத்துக்குக் கீழே எனக்கு ஒரு கூட்டாளி இருந்தார்" என்று ஆரம்பித்தார். "ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்து உட்கார்ந்துவிடுவார். தூண்டிலில் புழுவே இருக்காது."

தொமிகோவின் கையில் இருந்த கிண்ணம் நின்றுவிட்டது.

"புழு இல்லாமல் எப்படி மீன் பிடிப்பார்?" என்று ரெய்கோ சிரித்தாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். 'இங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றுதான் வருகிறேன்' என்றார். எனக்கு முகத்தில் அடித்ததுபோல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவே இல்லை."

"நீங்களா?" என்றார் சயோ.

"ஆமாம், நானேதான். அப்படியே சாயங்காலம்வரை பேசாமல் இருப்போம். நல்ல மனிதர்."

தொமிகோ மெதுவாகக் கேட்டாள். "பார்க்க எப்படி இருப்பார்?"

"நெட்டை. இடது காது கொஞ்சம் மந்தம். பேசினால் வலது காதைத் திருப்புவார்."

"பக்கத்தில் யாராவது இருப்பார்களா?"

"நான்தான் இருப்பேன்."

"பெண்பிள்ளை யாராவது?"

"பாலத்துக்குக் கீழே கொசுக்கடியில் எந்தப் பெண்பிள்ளை வருவாள்? இந்த வசந்தத்துக்குப் பிறகு அவரும் வரவில்லை. என்ன ஆனாரோ."

தொமிகோ கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இடது காது மந்தமாகி வலது காதைத் திருப்புகிற மனிதரை அவளுக்குத் தெரியும். தூண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் தன் கேள்விகளிலிருந்து தப்பித்து உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. எழுந்து வெளியே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஆனால் சந்தேகம் லேசில் விடாது. ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சாட்சி சொல்வது ஊர் உலகத்தில் புதிதா என்று கேட்டது. சரி, ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்குச் சொல்லியாகிவிட்டது. பூவுக்கு யார் சொல்வார்கள்? கல்லின் மேல் பூ தானாக முளைக்குமா?

வகுப்பு முடிந்து ரெய்கோவும் ஒகாதாவும் போனார்கள். தொமிகோவும் வணங்கிவிட்டு வாசல்வரை போனாள். செருப்பு மாட்டாமல் திரும்பி வந்து கதவோரம் நின்றாள்.

உள்ளே சயோ பாத்திரங்களில் ஒட்டியிருந்த மிச்சச் சர்க்கரையைத் தூரிகையால் ஒன்று சேர்த்தார். ஏப்ரன் பையிலிருந்து கறுத்துப்போன சிறிய அச்சு ஒன்றை எடுத்தார். அழுத்தினார், தட்டினார், கவிழ்த்தார். மறுபடியும் அழுத்தினார். விழுந்த பூக்களைச் சிறிய மரப்பெட்டியில் காகிதங்களோடு அடுக்கினார். இருந்த இடத்திலிருந்தே தொமிகோவுக்குப் பாதி இதழ் தெரிந்தது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. இவளா, இந்த மாவுக் கைக்காரியா என்று நினைத்தாள். எதைக் கேட்டாலும் அசையாத அந்த முகத்தைச் செய்ஜிக்குப் பிடித்திருக்கும். கேள்வியே கேட்காத பெண்பிள்ளை அல்லவா. கத்த வேண்டும்போல் இருந்தது. உள்ளே போனபோது குரல் எழும்பவில்லை.

"சென்செய், ஒரு கேள்வி."

"கேளுங்கள்."

"அந்த அச்சை ஏன் எங்களுக்குக் கொடுப்பதில்லை?"

"இதழ் உடைந்துவிட்டது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு முழுப் பூதான் கொடுக்க வேண்டும்."

"அப்படியானால் இந்தப் பூ யாருக்கு?"

சயோ பெட்டியை மூடி அவள் கையில் கொடுத்தார்.

"எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

இரண்டு பேரும் மடப்பள்ளியைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குள் போனார்கள். வெயில் இறங்கிவிட்டிருந்தது. பூசை நெருங்குவதால் பல வீட்டார் முன்கூட்டியே வந்து கல்லைக் கழுவிப் பூ வைத்திருந்தார்கள். ஊதுபத்தி மணம் இன்னும் இருந்தது. சயோ அந்தக் கற்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

மூலையில் பாசி பிடித்த ஒரு கல்லின் முன்னால் நின்றார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு காகிதத்தை மடித்து வைத்து அதன்மேல் ஒரு பூவை வைத்தார். குனிந்து வணங்கினார். நகர்ந்தார்.

இன்னும் கொஞ்ச தூரம் போய் இன்னொரு கல். அது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அங்கேயும் ஒரு பூ, ஒரு வணக்கம்.

தொமிகோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். கள்ளத்தனத்துக்குத் தன்னையே கூடை தூக்க வைத்துவிட்டாளே என்று நினைத்தாள். இந்தக் கற்கள் எல்லாம் ஊர்க் கண்ணுக்கு. நாலு கல்லில் பூவை வைத்துவிட்டு, அஞ்சாவது கல்லில் மனதை வைப்பாள். பார்க்கலாம்.

பாதை திரும்பியது. அங்கே செய்ஜியின் கல் இருந்தது.

சயோ அதன் முன்னால் நின்றார்.

தொமிகோ கல்லைப் பார்க்கவில்லை. சயோவின் முகத்தைப் பார்த்தாள். மீன்காரரை எப்படிப் பார்ப்பாளோ அப்படி, கண் இமைக்காமல் பார்த்தாள். சயோ காகிதத்தை மடித்தார். பூவை வைத்தார். பாசிக் கல்லுக்கு எவ்வளவு குனிந்தாரோ அவ்வளவே குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

தொமிகோவுக்குப் பொறுக்கவில்லை.

"இது யாருடைய கல் என்று தெரியுமா, சென்செய்?"

"தெரியாது."

"பெயர் வெட்டியிருக்கிறதே."

"நான் பெயரைப் படிப்பதில்லை."

"இந்த மனிதரைப் பார்த்ததே இல்லையா?"

"இல்லை."

"சத்தியமாகவா?"

"யாரென்றே தெரியாதபோது எதன் பேரில் சத்தியம் செய்வது?"

தொமிகோவின் குரல் உடைந்தது. "எத்தனையோ கல் இருக்கிறது. பலவற்றைத் தாண்டிப் போகிறீர்கள். இங்கே ஏன் ஒவ்வொரு வாரமும் வந்து வைக்கிறீர்கள்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும்."

சயோ குனிந்தார். பூ வைப்பதற்காகக் கல்லோடு சேர்த்துச் செதுக்கியிருந்த குழியில் விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்த சருகு ஒன்றும் சிலந்தி வலையும் விரலோடு வந்தன. அவற்றை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார்.

"கோடையிலிருந்து பார்க்கிறேன், தொமிகோ-சான்" என்றார். "ஒரு நாள்கூடப் பூ இருந்ததில்லை, தண்ணீர் இருந்ததில்லை. பாவம், இவருக்கு யாரும் இல்லைபோல் இருக்கிறது."